பாரிசவாதம் குறைகிறதா, கூடுகிறதா? ஒரு நீண்டகாலக் கோட்டை வாசிக்கும் முறை

பாரிசவாதத்தால் ஏற்படும் இறப்பு குறைந்து வருகிறது என்று ஒரு செய்தி வரும். அதே கிழமை, பாரிசவாதம் வருவோரின் தொகை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கூடிவிட்டது என்று இன்னொன்று வரும். வட்சப் குழுவில் இரண்டையும் பார்த்தவர்கள் "ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அது எப்படி என்று விளங்கிக்கொண்டால், இப்படியான செய்தி வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். வன்னியில் இருக்கிற நமக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நோய். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அந்த இரத்தத்தை நம்பியிருந்த மூளைப் பகுதி சாகத் தொடங்குகிறது. அந்தப் பகுதி எதை இயக்கியதோ அது போய்விடும்: ஒரு பக்கக் கை கால், பேச்சு, விழுங்குவது, பார்வை. உலக அளவில் 2019ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில் புதிய பாரிசவாதங்களில் 62 சதவீதம் அடைப்பால் வந்தவை, 28 சதவீதம் மூளைக்குள் இரத்தம் கசிந்ததால் வந்தவை, மிச்சம் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே கசிந்தவை. கசிவு வகை ஆளை விரைவாகக் கொல்லும். அதனால் ஒரு நாட்டில் எந்த வகை கூடுதல் என்பதும் அந்த நாட்டின் இறப்புக் கணக்கை மாற்றும்.

சரி, இனிக் கணக்கு. பாரிசவாதத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று வேறு வேறு எண்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாரியில் கனகராயன் ஆற்றால் வந்து சேரும் தண்ணீர் ஒரு கணக்கு. குளத்துக்குள் இப்போது நிற்கும் தண்ணீர் இன்னொரு கணக்கு. வான்கதவாலும் வாய்க்காலாலும் வெளியே போவது மூன்றாவது கணக்கு. ஓராண்டில் புதிதாக எத்தனை பேருக்குப் பாரிசவாதம் வந்தது என்பது வரத்து. ஏற்கெனவே வந்து, அதோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் நீர்மட்டம். அந்த ஆண்டில் அதனால் இறந்தவர்கள் வெளியே போனது. மட்டம் ஏறினால் வரத்துக் கூடிவிட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது, வெளியே போவது குறைந்திருந்தாலும் மட்டம் ஏறத்தானே செய்யும். பாரிசவாதத்தில் நடப்பதும் இதுதான்: காப்பாற்றப்படுவோர் கூடக் கூட, அதோடு வாழ்வோரின் தொகையும் கூடும்.

அதே 2019 கணக்கில் உலகம் முழுவதும் புதிதாக 1 கோடி 22 இலட்சம் பேருக்குப் பாரிசவாதம் வந்தது, 65 இலட்சம் பேர் இறந்தார்கள், 10 கோடிக்கு மேற்பட்டோர் அதோடு வாழ்ந்தார்கள். 1990 உடன் ஒப்பிட்டால் புதிய நோயாளர் தொகை 70 சதவீதமும், இறந்தோர் தொகை 43 சதவீதமும் கூடியிருந்தன. ஆனால் வயது வேறுபாட்டைக் கழித்துவிட்டு, இலட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் புதிதாக வருவது 17 சதவீதமும் இறப்பது 36 சதவீதமும் குறைந்திருந்தன. முதலில் சொன்ன இரண்டு செய்திகளும் இங்கேயிருந்துதான் பிறக்கின்றன. ஒருவர் தலைகளை எண்ணினார், மற்றவர் வீதத்தைப் பார்த்தார்.

வயது வேறுபாட்டைக் கழிப்பது என்ற இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். கணக்குக்காக இரண்டு ஊர்களை எடுங்கள், இரண்டிலும் 10,000 பேர். ஒன்று இளம் குடும்பங்கள் நிறைந்த குடியேற்றத் திட்டம்: 60 வயதுக்குக் கீழே 9,000 பேர், மேலே 1,000 பேர். மற்றது பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய், தாய் தகப்பன் மட்டும் மிஞ்சியிருக்கும் பழைய ஊர்: கீழே 7,000, மேலே 3,000. இரண்டு ஊரிலும் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து ஒன்றுதான் என்று வைப்போம்: 60க்குக் கீழே ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு, மேலே ஆயிரத்தில் 10 பேருக்கு. முதல் ஊரில் 9 உம் 10 உம் சேர்த்து 19 பேருக்குப் பாரிசவாதம் வரும். இரண்டாவது ஊரில் 7 உம் 30 உம் சேர்த்து 37 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அங்கே எவரும் கூடுதலாக உப்புச் சாப்பிடவில்லை, கூடுதலாகச் சுருட்டுப் புகைக்கவில்லை, வயதானவர்கள் அதிகம், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை நீக்க, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வயதுக் கலவை இருப்பதாக வைத்து மறுபடி கணக்கிடுவார்கள். அதுதான் வயது சீராக்கிய வீதம். 1990ஆம் ஆண்டு இலங்கையையும் இன்றைய இலங்கையையும் ஒப்பிட இது கட்டாயம் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் 65 வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தார்கள், 2024 கணக்கெடுப்பில் அது 12 பேருக்கு மேல் போய்விட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாற்றம்.

ஆனால் சீராக்கிய வீதம் குறைகிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வேண்டும், வீட்டுக்கு ஆள் வேண்டும், சக்கர நாற்காலி வேண்டும். இவை தலைக்கணக்கில்தான் வேண்டும். மாவட்டத்தில் இந்த ஆண்டு எத்தனை பேர் விழுந்தார்களோ அத்தனை பேரைத்தான் யாராவது தூக்க வேண்டும். ஆபத்துக் குறைகிறதா என்று அறிய வீதத்தைப் பாருங்கள், எவ்வளவு சுமை வருகிறது என்று அறிய எண்ணிக்கையைப் பாருங்கள்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இறப்பு வீதம் இரண்டு வழியால் குறையலாம். ஒன்று, பாரிசவாதம் வருவதே குறைவது. மற்றது, வந்தவர்கள் சாகாமல் பிழைப்பது. கோட்டுப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இறங்கும். வீட்டில் இரண்டும் ஒன்றல்ல. பிழைத்து வந்தவர் படுக்கையில் இருந்தால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் புண் வந்துவிடும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் சுவாசக் குழாய்க்குள் போய்ச் சளிக் காய்ச்சலில் (நியூமோனியாவில்) முடியும். பெரும்பாலும் இதைச் செய்வது மகளோ மருமகளோதான், அதற்காக அவர் தோட்டத்து வேலையையோ தையலையோ விட்டிருப்பார். இறப்புக் கோடு மட்டும் இறங்கி, வருவோரின் கோடு அப்படியே நின்றால், நாட்டில் இப்படியான வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன என்று பொருள். ஆகவே இறப்பைப் பற்றி மட்டும் பேசும் அறிக்கை எதைப் பார்த்தாலும், வருவோரின் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

நீண்டகாலக் கோடு எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல பாடம் ஜப்பான். அங்கே 1951 தொடங்கி 1980 வரை இறப்புக்கான முதற் காரணமே பாரிசவாதம்தான். வடக்கே அகிதா போன்ற பகுதிகளில் மிக மோசம். நீண்ட பனிக்காலம், உப்பில் போட்ட மரக்கறியும் மீனும், ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் மேல் உப்பு. 1960களில் ஊர் ஊராகப் போய் இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினார்கள், கூடியவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லிச் சமையலறை வரைக்கும் போனார்கள். 1960களின் நடுப்பகுதியில் உச்சத்தைத் தொட்ட இறப்புக் கோடு அதன்பிறகு கடகடவென்று இறங்கியது, 1981இல் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பாரிசவாதத்துக்குப் புழக்கத்துக்கு வந்ததே 1990களின் நடுவில்தான். ஆக அந்தப் பெரிய இறக்கம் அதற்கு முன்பே, பிரஷர் பார்ப்பதாலும் உப்பைக் குறைப்பதாலும், ஓரளவு வாழ்க்கை வசதி கூடியதாலும் வந்தது. பெரிய இயந்திரம் இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

எல்லா நாட்டுக்கும் அந்த இறக்கம் கிடைக்கவில்லை. 1970 முதல் 2008 வரை வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பணக்கார நாடுகளில் புதிதாகப் பாரிசவாதம் வரும் வீதம் 42 சதவீதம் குறைந்திருந்தது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் அதே காலத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. இன்னொன்றும் இருக்கிறது: 1990க்கும் 2019க்கும் இடையே மொத்த வீதம் குறைந்தாலும், 70 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மட்டும் பார்த்தால் புதிதாக வரும் வீதம் உலக அளவில் 15 சதவீதம் கூடியிருந்தது. உழைக்கிற வயது. கோட்டின் சராசரி இறங்குவதைக் காட்டும்போது அதற்குள்ளே ஒரு பகுதி ஏறிக்கொண்டிருக்கலாம். வயது பிரித்துப் பார்க்காமல் அது கண்ணில் படாது.

இலங்கைக்கு வருவோம். கொழும்பின் நகர்ப்புறத்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்தோர் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 10 பேர் எப்போதாவது பாரிசவாதம் வந்தவர்கள் என்று கண்டது. இது நீர்மட்டக் கணக்கு, வரத்துக் கணக்கில்லை, ஒரு காலத்தில் எடுத்த ஒரு படம். இதை வைத்து நாட்டில் கூடுகிறது குறைகிறது என்று சொல்ல முடியாது, இதைக் கொண்டுவந்து முல்லைத்தீவுச் சனத்தொகையால் பெருக்கவும் முடியாது. அரச ஆஸ்பத்திரிகளில் விடுதியில் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கு ஆண்டுதோறும் தொகுக்கப்படுகிறது, அது பயனுள்ளது. ஆனால் அது அனுமதிகளை எண்ணுகிறது. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாற்றப்பட்ட ஒரே ஆள் இரண்டு இடத்திலும் கணக்கில் வரலாம். ஆஸ்பத்திரிக்குப் போகாமலே வீட்டில் இறந்தவர் எந்த இடத்திலும் வரமாட்டார். வன்னியில் இந்த இரண்டும் நடக்கிற கதைதான்.

இப்போது, முதலில் தள்ளிவைத்த அந்த "ஏன்". எந்த வீதத்துக்கும் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் வேண்டும். மேலே நோயாளர், கீழே மொத்தச் சனம். வன்னிக்குக் கீழே போட வேண்டிய எண்ணே முப்பது ஆண்டுகள் இல்லாமல் இருந்தது. 1981இல் முழுமையான கணக்கெடுப்பு நடந்தது. அப்போது கிளிநொச்சி தனி மாவட்டமே இல்லை, யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது, 1984இல்தான் பிரிந்தது. 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது போரால் வன்னிக்குள் முழுமையாகச் செய்ய முடியவில்லை. அடுத்தது 2012 மார்ச், அந்த நேரத்திலும் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் சனம் இருந்தது. இடையில் எத்தனை இடப்பெயர்வு, எத்தனை இழப்பு, எத்தனை பேர் வெளிநாடு. ஓர் ஊரின் சனத்தொகையே ஆண்டுக்குள் பல தடவை மாறிய காலம் அது. ஆகவே தேசிய அறிக்கையில் 1990இலிருந்து அழுத்தமாக ஓடும் அந்தக் கோட்டில் நமது பகுதி பெரும்பாலும் மதிப்பீட்டால் நிரப்பப்பட்டது. நமது தகப்பன்மார், பாட்டன்மார் எதனால் விழுந்தார்கள் என்பது அதில் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

2012க்குப் பிறகு கோடு தொடங்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சின்ன மாவட்டத்தில் கோடு துள்ளும். முல்லைத்தீவில் 2012இல் ஏறத்தாழ 92,000 பேர். ஓராண்டில் 20 பேர் இறந்து அடுத்த ஆண்டு 30 பேர் இறந்ததாக வைத்தால், இலட்சத்துக்கு 22 இலிருந்து 33 ஆகிவிடும், "ஐம்பது சதவீத அதிகரிப்பு" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போடலாம். அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். சின்ன இடத்துக்கு மூன்று, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் மேலே போடும் எண். வீட்டில் ஒருவர் இறந்தால் விதானையாரிடம் அறிவிக்கிறோம், அவர் தரும் அறிக்கையோடு பதிவாளரிடம் போகிறோம். விதானையார் கேட்பார், "ஐயாவுக்கு என்ன வருத்தம் இருந்தது, பிள்ளை?" செத்தவீட்டுக் களைப்பில் நிற்கும் மகள் சொல்வாள், "வயசு போட்டுதுதானே, திடீரென்டு விழுந்தவர்." முதுமை என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படும். அவர் முதல் நாள் வலக்கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டதும், வாய் கோணியதும், சொல் குழறியதும் அந்தப் பதிவில் இருக்காது. யாருடைய பிழையும் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் "ஒரு பக்கம் இழுத்துப் பேச்சுப் போய்ப் பிறகுதான் இறந்தவர், பிரஷருக்கு மருந்து எடுத்தவர்" என்று சொன்னால், கிளினிக் கொப்பியையும் காட்டினால், நாட்டின் கணக்கில் ஒரு பிழை குறையும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ ஒருவர் நமது மாவட்டத்துக்கு எத்தனை கட்டில், எத்தனை இயன்மருத்துவர் என்று முடிவெடுக்கும்போது பார்க்கப்போவது இந்தப் பதிவுகளைத்தான்.

கோட்டை வாசிக்கத் தெரிந்த பிறகு, அதை எது இழுக்கிறது என்று கேட்க வேண்டும். பாரிசவாதத்துக்குக் காரணங்களில் உயர் இரத்த அழுத்தத்துக்குக் கிட்ட வருவது வேறொன்றும் இல்லை. பிரஷர் அளவில் மேல் எண் (140/90 என்றால் 140) 10 குறைந்தால் பாரிசவாத ஆபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பிறகு புகை, சீனி வருத்தம், கொழுப்பு, கூடிய மது, உடல் அசையாமை, இதயத் துடிப்பு ஒழுங்கின்மை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி அளவில், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைப் பாணும் சம்பலும், மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும், பின்னேரம் கடையில் மிக்சரும் என்றால் அந்தக் கரண்டி பின்னேரத்துக்கு முன்பே நிரம்பிவிடும். வெயிலில் வேலை செய்து வியர்க்கிறவர்கள் உப்பு வேணும் என்பார்கள். வியர்வைக்கு முதலில் வேண்டியது தண்ணீர், உப்பு வழக்கமான சாப்பாட்டிலேயே தாராளமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். 150/90. அடுத்த மாதம் 140/90. பிறகு 138/84, பக்கத்தில் நேர்ஸ் ஒரு சரி போட்டிருந்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் வெறும் இடம். பிறகு 182/110. அந்த வெறும் இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "சுகமாத்தானே இருந்தது, வெட்டுக் காலம் வேற, விட்டுட்டன்" என்றார். 138/84 வந்தது குளிசையால், குளிசை நின்றதும் அது போய்விட்டது. பிரஷர் வலிக்காது, அதுதான் அதன் பெரிய கொடுமை. நல்லாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்துகிற இந்த இடைவெளிகள்தான் பிறகு இறப்புக் கோட்டிலும் நோய்க் கோட்டிலும் மேடாக வந்து நிற்கின்றன. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் வந்தபோது எத்தனை கொப்பிகளில் இப்படி இடம் விட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் பதைக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்கள், ஒரு வருத்தமும் இல்லை என்றாலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் எங்கே எந்த நாள் நடக்கிறது என்று அறிந்து போய் ஒருமுறை பார்க்கலாம், காசு இல்லை.

வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் கோட்டோடு சேர்ந்ததே, ஏனென்றால் முதல் சில மணித்தியாலம்தான் உயிரையும் பிறகு நடப்பதையும் தீர்மானிக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணினால், இரண்டு கையையும் தூக்கச் சொல்லும்போது ஒன்று கீழே விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் பூசிப் பிடித்துவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்று நிற்க வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கானில் பார்க்க வேண்டும். முல்லைத்தீவின் உள்ளூரிலிருந்து புறப்படுகிறவருக்கு அந்த நாலரை மணித்தியாலத்தில் பெரும் பகுதி தெருவிலேயே போய்விடும். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. அது வரும்வரை குடிக்கத் தண்ணீரோ விழுங்கக் குளிசையோ கொடுக்க வேண்டாம், அஸ்பிரினும் வேண்டாம், கசிவாக இருந்தால் அது கேட்டைக் கூட்டும். டொக்டர் முதலில் கேட்கப்போவது, "கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தவர்?" என்பதுதான். அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி, குளிசை அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் அதோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.